வாசகர் கேள்விகள்: ஆயுள் உள்ளவரை வருமானம்

கேள்வி: ஓய்வு பெறும்போது கிடைக்கும் தொகையைக் கொடுத்து ஆயுள்கால ஆன்யூட்டி, அதாவது மொத்தமாகப் பணம் கட்டினால் உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் தொகை தரும் திட்டம், வாங்கச் சொல்கிறார்கள். இரண்டே ஆண்டுகளில் நான் இறந்துவிட்டால் முதல் முழுவதும் போய்விடும் அல்லவா? டெபாசிட்டில் வைத்துச் சிறிது சிறிதாக எடுத்துச் செலவழிப்பதுதானே நல்லது?

பதில்: உங்கள் அச்சம் இயல்பானதே. ஆனால் அது சீக்கிரம் இறந்துவிடும் வாய்ப்பை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பணத்தைப் பொறுத்தவரை, எதிர்பார்த்ததைவிட நீண்ட காலம் வாழ்வதுதான் முதுமையின் பெரிய ஆபத்து. 65 வயதில் ஓய்வு பெறும் ஒருவர் 80 வயது வரை என்று கணக்கிட்டுச் செலவழித்தால் அதன்பின் கையில் ஒன்றும் மிஞ்சாது. 100 வயது வரை என்று கணக்கிட்டால், வாழும் காலமெல்லாம் தேவைக்கும் குறைவாகவே செலவழிக்க நேரும். தம் ஆயுள் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது என்பதால், தனியொருவர் எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டாலும் இந்தச் சிக்கலிலிருந்து விடுபட முடியாது. ஆயிரக்கணக்கானோர் ஒன்றுசேர்ந்தால், அவர்களுள் எத்தனை பேர் எந்த வயதுவரை வாழ்வார்கள் என்பதைப் பெருமளவு கணித்துவிடலாம். வானியலாளர் எட்மண்ட் ஹேலி 1693இல் பிரெஸ்லாவ் (இன்றைய போலந்தில் உள்ளது) நகரின் பிறப்பு இறப்புப் பதிவுகளிலிருந்து அட்டவணை வகுத்து, ஆன்யூட்டியின் நியாயமான விலையை அப்படித்தான் கணக்கிட்டார்.

டெபாசிட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஆண்டுக்கு 100 பேரில் 10 பேர் இறக்கக்கூடிய முதிய வயதினர், சம அளவு தொகையைப் பொதுவில் வைத்திருப்பதாகக் கொள்வோம். இறந்த 10 பேரின் பங்கு எஞ்சிய 90 பேருக்குப் பிரிக்கப்படும்போது, வட்டி நீங்கலாகவே ஒவ்வொருவரின் பங்கும் சுமார் 11 சதவீதம் கூடுகிறது. வட்டியை மட்டும் நம்பியிருக்கும் டெபாசிட்டில் இந்தக் கூடுதலுக்கு வழியே இல்லை. சீக்கிரம் இறப்பவர் இழக்கும் முதல்தான் நீண்ட காலம் வாழ்பவருக்குச் சோறு போடுகிறது. தாம் இந்த இருவரில் யார் என்பது எவருக்கும் முன்கூட்டித் தெரியாது என்பதால் இந்த ஏற்பாடு நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

இருப்பினும் சேமிப்பு முழுவதையும் இதில் போட வேண்டாம். தவிர்க்க முடியாத மாதச் செலவுக்கு ஏற்கெனவே வரும் ஓய்வூதியம் எவ்வளவு போதவில்லையோ, அந்த அளவுக்கு மட்டும் வாங்குங்கள். கடுமையான நோய் உள்ளவர்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. வாழ்க்கைத்துணை இருந்தால், உங்களுக்குப் பின் அவருக்கும் தொடரும் வகையைத் தேர்ந்தெடுங்கள். மாதத்தொகை சற்றுக் குறையும், ஆனாலும் அந்தக் குறைவை ஏற்பது தகும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, தொகை விலைவாசிக்கேற்ப உயருமா என்று கேளுங்கள். ஆண்டுக்கு 6 சதவீதப் பணவீக்கம் இருந்தால், மாறாத தொகையின் மதிப்பு 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும்.

கேள்வி: காப்பீட்டு நிறுவனங்களே ஆன்யூட்டி விற்கும்போது, அரசு ஏன் அதில் இறங்க வேண்டும்?

பதில்: தம் உடல்நலம் நன்றாக இருப்பதாக நம்புபவர்களே ஆன்யூட்டி வாங்க அதிகம் முன்வருகிறார்கள். அதை அறிந்த நிறுவனம் விலையை உயர்த்துகிறது. விலை உயர்ந்ததும் சராசரி ஆயுளை எதிர்பார்ப்பவர்கள் விலகிவிடுகிறார்கள். அதனால் வாங்குவோரின் சராசரி ஆயுளும், அதைத் தொடர்ந்து விலையும் மேலும் கூடுகின்றன.

அரசு விற்பதாலேயே இது தீர்ந்துவிடாது என்பதை வரலாறு காட்டுகிறது. பிரெஞ்சு அரசு 1770களில் வயது வேறுபாடு பாராமல் ஒரே விகிதத்தில் ஆயுள்கால ஆன்யூட்டி விற்றது. ஜெனீவாவின் வங்கியாளர்கள், பெரியம்மையிலிருந்து மீண்ட ஆரோக்கியமான சிறுமிகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் ஆயுளை அடிப்படையாக வைத்து ஏராளமாக வாங்கினார்கள். அந்தச் சிறுமிகள் வாழும்வரை அரசு பணம் கொடுத்தாக வேண்டும். பிரிட்டிஷ் அரசு 1808இல் தொடங்கிய விற்பனையும், மக்கள் உண்மையைவிடச் சீக்கிரம் இறப்பதாகக் காட்டிய அட்டவணையை நம்பியதால் நட்டத்தில் முடிந்தது.

ஆகவே, தீர்வு அரசின் முத்திரையில் இல்லை, எல்லோரையும் சேர்க்கும் கட்டாயத்தில் இருக்கிறது. உழைப்பவர் அனைவரும் பங்களிக்கும் பொது ஓய்வூதியத்தில், நீண்ட காலம் வாழக்கூடியவர்கள் மட்டும் உள்ளே வந்து மற்றவர்கள் விலகிவிட முடியாது. வருங்கால உழைப்பாளர்களின் பங்களிப்பும் ஊதியத்தோடு உயர்வதால், விலைவாசி உயர்வை ஈடுகட்டும் வாக்குறுதியையும் தனியார் நிறுவனத்தைவிட அரசால் எளிதாகத் தர முடிகிறது. அமெரிக்காவின் பொது ஓய்வூதியமான சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் 1975 முதல் அந்த உயர்வு தானாகவே நடைபெறுகிறது.

கேள்வி: ஏழைகள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்றால், கட்டாய ஓய்வூதியம் அவர்களின் பணத்தை வசதியானவர்களுக்குக் கொடுப்பதாகாதா?

பதில்: எல்லோருக்கும் ஒரே விகிதம் என்றால், ஆம், அப்படித்தான் ஆகும், இதைப் பூசி மெழுகக் கூடாது. இதற்கு மருந்து, குறைந்த ஊதியத்துக்குக் கூடுதல் விகிதம் தருவதுதான். அமெரிக்கத் திட்டம் சராசரி மாத ஊதியத்தின் முதல் பகுதிக்கு 90 சதவீதமும், அடுத்த பகுதிக்கு 32 சதவீதமும், அதற்கு மேற்பட்டதற்கு 15 சதவீதமும் ஓய்வூதியமாகக் கணக்கிடுகிறது. செலவைக் குறைக்க ஓய்வு வயதை மட்டும் உயர்த்தும் அரசுகள், குறைந்த ஆயுள் உள்ளவர்களிடமிருந்தே மிகப் பெரிய பங்கைப் பறிக்கின்றன.