முழு மயக்கத்தில் பல் சிகிச்சை: பெற்றோர் கேட்பவை

சின்னக் குழந்தைகளின் சொத்தைப் பற்களை முழு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் சரிசெய்வது பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவை மட்டும்.

மகனுக்கு நான்கு வயது, எட்டுப் பற்களில் சொத்தை. எப்படியும் விழப்போகிற பால் பற்கள்தானே? வலிக்கும்போது மருந்து கொடுத்துச் சமாளிக்கக் கூடாதா?

முன்பற்கள் ஆறேழு வயதில் விழ ஆரம்பிக்கும், சரி. ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. இன்னும் ஆறேழு வருடத்துக்கு உங்கள் மகன் பெரும்பாலும் அவற்றால்தான் மெல்ல வேண்டும். சொத்தை நரம்பை எட்டினால் வலி வரும். நரம்பு செத்துப்போனால் வலி தானாகவே நின்றுவிடும். ‘சரியாகிவிட்டது’ என்று பலர் ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான். உள்ளே சீழ் சேர்ந்துகொண்டிருக்கும், அதன் கீழே நிலைத்த பல்லின் மொட்டு வளர்ந்துகொண்டிருக்கும். ஆன்டிபயாடிக் வீக்கத்தைக் குறைக்கலாம், பல்லுக்குள் இருக்கும் காரணத்தைத் தொடாது.

கையைக் காலைப் பிடித்துக்கொண்டால் நாற்காலியிலேயே முடித்துவிடலாம் என்கிறார் மாமியார்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு பல்லை அப்படி முடித்துவிடலாம். அப்புறம் அந்தக் குழந்தை பல் மருத்துவர் பக்கமே வராது.

ஆனால் மயக்கம்தான் ஒரே வழி என்று யாராவது சொன்னால் மாற்று வழிகளையும் கேளுங்கள். ‘சிரிப்பு வாயு’ எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடு, பயந்தாலும் சொல்வதைக் கேட்கிற குழந்தைக்கு நன்றாக உதவும். சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தடவினால் பல சொத்தைகள் பரவாமல் நிற்கும், ஆனால் அந்த இடம் கறுத்துவிடும். ஹால் முறையில் ஊசியும் டிரில்லும் இல்லாமல் சொத்தையின் மேலேயே உலோகக் கேப்பைப் பொருத்துவார்கள். கடைசி இரண்டும் நரம்பு வரை போன பல்லுக்குத் தீர்வு ஆகாது. எட்டுப் பல், நான்கு வயது, சில பற்களில் நரம்புவரை சொத்தை என்றால் நானும் முழு மயக்கத்தைத்தான் சொல்வேன்.

மயக்க மருந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்று படித்தேன். தூக்கம் போய்விட்டது.

நீங்கள் படித்ததற்கு அடிப்படை உண்டு. 2016 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஓர் எச்சரிக்கை விடுத்தது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் மயக்கமோ, திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கமோ மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பது அதன் சாரம். இந்தக் கவலைக்குப் பெரிய காரணம் விலங்குகளில் நடந்த ஆய்வுகள். மறுபக்கம், ‘காஸ்’ என்ற பன்னாட்டு ஆய்வில், கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக மயக்கம் பெற்றவர்களை, விழித்திருந்தபடியே மரத்துப்போகும் ஊசியுடன் அறுவை சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். ஐந்து வயதில் சோதித்தபோது வித்தியாசம் இல்லை. முடிவுகள் 2019இல் வெளிவந்தன.

பல் சிகிச்சை பெரும்பாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டும், அதனால் அந்த ஆய்வை அப்படியே இங்கே பொருத்த மாட்டேன். ஆனாலும் மூன்று வயது தாண்டிய, வேறு நோய் இல்லாத குழந்தைக்கு ஒரே ஒரு முறை என்றால் மூளையை நினைத்துச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு வயதுக் குழந்தை என்றால், சொத்தையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துக் காத்திருக்க முடியுமா என்று பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

என்னைக் கேட்டால், நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு: அன்றைக்கு மூச்சைக் கவனிக்கப்போவது யார்? நாங்கள் வேலை செய்யும் வாயும் குழந்தையின் மூச்சுப் பாதையும் ஒன்றுதான். அதனால்தான் வழக்கமாக மூக்கு வழியாக மூச்சுக்குழாய்க்குள் டியூப் வைப்பார்கள். குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மயக்க மருத்துவர், அதற்கு மட்டும் என்று, கடைசிவரை கூடவே இருக்க வேண்டும். பல் வேலை செய்பவரே மயக்கத்தையும் பார்த்துக்கொள்வார் என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

காலையில் லேசான சளி. சொன்னால் தேதியைத் தள்ளிவைத்துவிடுவார்களே?

தள்ளிவைக்கலாம், ஆனாலும் சொல்லுங்கள். சளி இருக்கும்போது குரல்வளை சட்டென்று இறுகி மூச்சு தடைபடும் ஆபத்து அதிகம். காய்ச்சல், வீசிங், கோழையோடு இருமல் இருந்தால் சில வாரம் காத்திருப்பதே நல்லது.

எத்தனை மணி நேரம் வெறும் வயிறு?

பொதுவாக உணவுக்கும் டப்பா பாலுக்கும் 6 மணி, தாய்ப்பாலுக்கு 4, வெறும் தண்ணீருக்கு 2. தண்ணீருக்கு ஒரு மணி நேரமே போதும் என்கிற மருத்துவமனைகளும் உண்டு. உங்கள் மயக்க மருத்துவர் சொல்லும் கணக்குதான் கடைசி. பாட்டி ரகசியமாக ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்கு முன் ஒரு படிவம் கொடுத்தார்கள். குழந்தை தூங்குகிறதா, நீங்கள் வேலைக்கு லீவு போட்டீர்களா, குற்ற உணர்வு இருக்கிறதா என்றெல்லாம் இருந்தது. பல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அது பெரும்பாலும் ‘ஈக்கோஹிஸ்’ என்ற கேள்வித்தாளாக இருக்கும், 2007இல் வெளிவந்தது. மொத்தம் 13 கேள்விகள். 9 குழந்தையைப் பற்றியவை: வலி, சூடும் குளிரும் குடிப்பது, சாப்பிடுவது, சொற்களை உச்சரிப்பது, பள்ளிக்குப் போகாத நாள், தூக்கம், எரிச்சல், சிரிக்கவோ பேசவோ தயங்குவது. மீதி 4 குடும்பத்தைப் பற்றியவை: பெற்றோரின் மனவருத்தம், குற்ற உணர்வு, லீவு, செலவு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் அதிகபட்சம் 52. எண் கூடக்கூட நிலைமை மோசம்.

எத்தனை பல்லில் சொத்தை என்று எண்ணிவிடலாம். அந்தச் சொத்தை ஒரு வீட்டை என்ன பாடு படுத்துகிறது என்பது எக்ஸ்-ரேயில் தெரியாது. முழு மயக்கத்தில் சிகிச்சை முடிந்த சில வாரங்களில் இதே கேள்விகளைத் திரும்பக் கேட்டால் எண் நன்றாகவே இறங்குகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. வலி, சாப்பாடு, தூக்கம், பெற்றோரின் மனவேதனை ஆகியவற்றில் மாற்றம் பளிச்சென்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை: பதில் சொல்வது பெற்றோர். இவ்வளவு சிரமப்பட்டுச் சிகிச்சை செய்த பிறகு ‘நல்லா இருக்கு’ என்று சொல்லத் தோன்றும். தவிர, பல ஆய்வுகள் சில மாதங்களோடு நின்றுவிடுகின்றன. அதனால் எண்ணை விட நடத்தையை நம்புகிறேன். எப்போதும் வலியோடு வளர்ந்த குழந்தைக்கு ‘வலிக்குது’ என்று சொல்லத் தெரியாது. ஒரு பக்கமாக மெல்லும், உணவை வாயிலேயே அதக்கிவைக்கும், நடு இரவில் காரணமில்லாமல் எழுந்து அழும். ‘சாப்பாட்டில் அடம்’ என்று நீங்கள் திட்டிக்கொண்டிருந்தது இதுவாகவும் இருக்கலாம்.

விழித்ததும் எங்களையே அடையாளம் தெரியாததுபோல் கத்தினாள். ஏதாவது ஆகிவிட்டதா?

மயக்க வாயுவிலிருந்து எழும் சின்னக் குழந்தைகளிடம் இது சகஜம். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் அடங்கிவிடும், பிறகு நினைவும் இருக்காது. ஓரிரு நாள் தொண்டை கரகரப்பு, மூக்கில் லேசான ரத்தம் இருக்கலாம். மரத்துப்போன உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் பாருங்கள். வலிக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால். ஆஸ்பிரின் கூடாது.

அடைப்பார்கள் என்று நினைத்தோம். ஸ்டீல் கேப் போட்டு, இரண்டு பல்லைப் பிடுங்கியும் விட்டார்கள். அவசரப்பட்டார்களா?

இல்லை. இந்தச் சிகிச்சையில் எங்கள் கணக்கே வேறு. நாற்காலியில் போட்ட அடைப்பு பெயர்ந்தால் மறுபடி போடலாம். மயக்கத்தில் போட்டது பெயர்ந்தால் இன்னொரு மயக்கம் தேவைப்படலாம். அதனால் நீடிக்கும் கேப்பைத் தேர்ந்தெடுப்போம், தேறுமா என்ற சந்தேகம் உள்ள பல்லை எடுத்துவிடுவோம். யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் இதை முன்கூட்டியே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், அந்தக் கோபம் நியாயம்தான்.

எல்லாப் பல்லையும் சரிசெய்தாயிற்று. இனி பயமில்லைதானே?

பயம் இருக்கட்டும். கணிசமான குழந்தைகள் ஓரிரு ஆண்டில் புதுச் சொத்தையோடு திரும்புகிறார்கள். நாங்கள் சரிசெய்தது ஓட்டைகளைத்தான், சர்க்கரைப் பழக்கத்தை அல்ல. படுக்கையில் பால் புட்டி, நாள் முழுக்க ஜூஸ் உறிஞ்சுவது இரண்டும் அன்றோடு நிற்க வேண்டும். ஏழெட்டு வயது வரை இரவில் நீங்களே தேய்த்துவிடுங்கள். குறைந்தது 1000 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், மூன்று வயது வரை அரிசி அளவு, பிறகு பட்டாணி அளவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டி, தேவைப்பட்டால் ஃபுளோரைடு வார்னிஷ் பூசிக்கொள்ளுங்கள். வலி இல்லாத குழந்தையை யாரும் மருத்துவரிடம் கூட்டிவருவதில்லை என்பதுதான் பெரிய தொல்லை.

மேல் முன்பற்கள் நான்கையும் எடுத்துவிட்டார்கள். பேச்சு கெடுமா?

கொஞ்ச நாள் ‘ஸ’ சத்தம் மழலையாகக் கேட்கும், பெரும்பாலான குழந்தைகள் பழகிக்கொள்வார்கள். நிலைத்த பல் முளைக்க வேண்டிய இடம் முன்னால் அவ்வளவாகச் சுருங்காது. கடைவாய்ப் பல்லைச் சீக்கிரம் எடுத்திருந்தால்தான் அந்த இடம் சுருங்காமல் காக்கும் கம்பி பற்றிக் கேட்க வேண்டும்.