"யாரை நினைச்சு அழுவுற?" என்று கேட்கிறார் கணவர்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 41. கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன ஊர். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். கணவர் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். குடி கிடையாது, வீட்டுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னால் சிரிப்பீர்களோ என்னவோ. எனக்குச் சோகமான காதல் படங்கள் என்றால் உயிர். கடைசியில் சேர்ந்துவிடுகிற படம் பிடிப்பதில்லை. பிரிய வேண்டும், இல்லை ஒருவர் மற்றவரை மறந்துபோக வேண்டும், இல்லை செத்துப்போக வேண்டும். எல்லோரும் படுத்த பிறகு ஹாலில் உட்கார்ந்து, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு மொபைலில் பார்ப்பேன். முந்தானை நனைய அழுவேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிடுவேன்.

போன மாதம் ஒருநாள் '96' படத்தை மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போன இருட்டில் திரிஷா அந்தப் பழைய பாட்டைப் பாடுவாரே, அந்த இடம். ஏர்போர்ட்டில் பிரிகிற காட்சியில்கூட எனக்கு அவ்வளவு வராது, இந்த இடத்தில் தாங்காது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த கணவர் பார்த்துவிட்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "யாரை நினைச்சு அழுவுற?" என்று கேட்டார். "படம்ங்க" என்றேன். "படத்துக்கு எவளாவது இப்படி அழுவாளா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. சாப்பாடு, பணம், பையன் ஃபீஸ், அவ்வளவுதான்.

சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அப்படி யாரும் இருந்ததில்லை. பெண்கள் பள்ளி, பெண்கள் கல்லூரி, 23 வயதில் கல்யாணம். யாராவது இருந்திருந்தால்கூட இந்த அழுகைக்கு ஒரு கணக்கு இருக்கும். யாருமே இல்லாமல் எதற்கு இவ்வளவு என்று எனக்கே பயமாக இருக்கிறது.

சின்ன வயதில் அம்மா என்னை டெண்டு கொட்டகைக்குக் கூட்டிப் போவார். வீட்டில் அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. கொட்டகையில் மட்டும் விக்கி விக்கி அழுவார். அவருடைய வியாதிதான் எனக்கும் வந்திருக்கிறதோ? மாமியாரோ, கண் சிவந்திருந்தாலே "விளக்கு வெச்ச நேரத்துல கண்ணைக் கசக்காத, வீட்டுக்கு ஆகாது" என்பார். கல்யாணத்துக்கு முன்னால் நான் நன்றாகப் பாடுவேன். மார்கழி முழுக்கப் பெருமாள் கோயிலில் திருப்பாவை என் குரல்தான். அப்போதெல்லாம் இப்படி அழுமூஞ்சியாக இருந்ததில்லை.

இது மனநோயா? மனதால் அவருக்குத் துரோகம் செய்கிறேனா? அவரிடம் என்னதான் சொல்வது?

பெயர் வேண்டாமே.

*

அன்புச் சகோதரிக்கு,

நோயும் இல்லை, துரோகமும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை நிம்மதியாகப் படிக்கலாம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? சீரியலில் மருமகள் அழும்போது கூடவே அழுகிற பெண்ணிடம் யாரும் "யாரை நினைச்சு?" என்று கேட்பதில்லை. காதல் படம் என்றால் மட்டும் கண்ணீருக்கு ஒரு முகவரி தேடுகிறோம். நீங்களும் தேடிப் பார்த்திருக்கிறீர்கள். கிடைக்கவில்லை என்றதும் பயம் வந்துவிட்டது.

ஆளைத் தேடுவதை விட்டுவிட்டு, அழுத இடத்தைப் பார்ப்போம். பிரிகிற காட்சியில் வராத அழுகை பாடுகிற காட்சியில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளி நாட்களில் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லி நாயகன் ராம் கேட்டுக்கொண்டே இருப்பான், அவள் வேண்டுமென்றே வேறு பாட்டைப் பாடுவாள். 22 வருடம் கழித்து, இருட்டில், யாரும் கேட்காமலே அவள் அதைப் பாட, அவன் அடித்துப் பிடித்து விளக்கோடு ஓடி வருகிறான். அங்கே யாரும் சாகவில்லை, இன்னும் பிரியவும் இல்லை. ஒருவருடைய சின்ன ஆசை இத்தனை வருடம் பத்திரமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான் நடக்கிறது.

'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ரயில் கிளம்புவதற்காக மட்டும் யாரும் அழுவதில்லை. தன்னை மறந்துபோன நாயகிக்கு நினைவு வரட்டும் என்று, அடிபட்ட உடம்போடு தலையில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு குரங்கு சேட்டை செய்கிறாரே கமல், அங்கேதான் தொண்டை அடைக்கிறது. அவளோ யாரோ பைத்தியம் என்று நினைக்கிறாள். சோகக் காதல் படங்களில் நல்ல படங்கள் எல்லாமே இப்படித்தான் வேலை செய்கின்றன. பிரிவை வைத்து நம்மைப் பதற வைக்கின்றன, அன்பைக் காட்டி அழ வைக்கின்றன. அன்பு அந்த அளவுக்குத் துலங்க வேண்டுமென்றால் அது கைநழுவிப் போகிற நேரமாக இருக்க வேண்டியிருக்கிறது. சேர்ந்துவிடுகிற படம் உங்களுக்குச் சப்பென்று இருப்பது இதனால்தான். (வேண்டுமென்றே வயலினை இழுத்து அழ வைக்கிற படங்களும் உண்டு. அவற்றுக்கும் நமக்கு அழுகை வரும், வெளியே வந்ததும் எரிச்சலும் வரும்.)

இன்னொரு விஷயத்தை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நன்றாகப் பாடுவேன், மார்கழி முழுக்க என் குரல்தான் என்று. எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆகியிருக்கும். இதற்கிடையில் யாராவது உங்களை ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்களா? நீங்களாவது பாடினீர்களா? தொல்காப்பியம், உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு காரணங்களை வைக்கிறது. அவற்றில் ஒன்று, முன்பிருந்த நிலை மாறிப்போன வருத்தம். உங்களை நேரில் பார்க்காமல் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பாடத் தெரிந்த ஒரு பெண், அத்தனை காட்சிகள் இருக்கிற படத்தில், இன்னொரு பெண் பாடுகிற காட்சியில் உடைந்துபோகிறாள் என்றால், அதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

அம்மாவுக்கு இருந்ததும் வியாதி இல்லை. கொட்டகையில் இருட்டு. பக்கத்தில் இருப்பவரும் அழுகிறார். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டில் அழுதால் வீட்டுக்கு ஆகாது என்று இருந்தபோது, டிக்கெட் வாங்கி அழ ஓர் இடம் கிடைத்திருக்கிறது. உங்கள் ஹெட்செட்டும் நடு ராத்திரியும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆட் விங்கர்ஹூட்ஸ் என்ற உளவியலாளரின் குழு 60 பேருக்கு அழ வைக்கும் படம் போட்டுக் காட்டியது. படம் முடிந்த உடனே, அழுதவர்களின் மனநிலை நன்றாகவே இறங்கியிருந்தது. 20 நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. 90 நிமிடம் கழித்துக் கேட்டபோது, படம் பார்ப்பதற்கு முன்பு இருந்ததைவிடத் தெளிவாக இருந்தார்கள். உங்கள் கணவர் தண்ணீர் குடிக்க வந்தது சரியாக அந்தப் பள்ளத்தில். அவர் பார்த்தது உடைந்துபோன மனைவியை மட்டும்தான். காலையில் காபி போட்டுக்கொண்டு தெளிவாக நின்றவரை இதோடு சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றியிருக்காது. நீங்களும் இனிமேல் அழுத கையோடு படுக்காதீர்கள். கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போங்கள்.

துரோகம் பற்றி. 2012-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 361 மாணவர்களுக்கு ஒரு சோகக் காதல் படத்தின் சுருக்கத்தைக் காட்டினார்கள். பார்த்துவிட்டுத் தங்களுக்கு நெருக்கமானவர்களைப் பற்றி நினைத்தவர்களுக்கு மகிழ்ச்சி கூடியிருந்தது. மனம் யாரோ ஓர் அந்நியனைத் தேடி ஓடிவிடும் என்றுதான் நாம் பயப்படுகிறோம். பலருக்கு அது வீட்டுப் பக்கமே திரும்புகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. படத்து நாயகனை அளவுகோலாக வைத்து வீட்டுக்காரரை அளக்க ஆரம்பித்தால் அது நியாயமில்லை. அந்த ராமுக்கு லோடு ஏற்றுகிற தொல்லை கிடையாது, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற வேலையும் கிடையாது. அன்பாக இருக்க அவனுக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

அவரிடம் என்ன சொல்வது? "சத்தியமா யாருமில்லை" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். சத்தியம் செய்தால் அது போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். அவர் கேட்டது கோபமாகக் காதில் விழுந்திருக்கும். எனக்கென்னவோ அது, "என்னால் உனக்கு ஏதாவது குறையா?" என்று கேட்கத் தெரியாதவரின் கேள்வியாகத்தான் படுகிறது. பையன் டியூஷன் போன நேரமாகப் பார்த்து அந்த ஒரு காட்சியை மட்டும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். முழுப் படம் வேண்டாம், தூங்கிவிடுவார். பிறகு நீங்கள் பாடிய கதையைச் சொல்லுங்கள். கோயில், மார்கழி, யார் பக்கத்தில் நின்றார்கள், எந்தப் பாசுரம் பிடிக்கும், எல்லாவற்றையும். அவருக்கு அதில் பாதிகூடத் தெரிந்திருக்காது. அவராகவே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அது படத்தில் மட்டும்தான் நடக்கும். பாட ஓர் இடத்தையும் தேடிக்கொள்ளுங்கள். கோயிலோ, பஜனை மடமோ, எதுவானாலும் சரி. அதற்கு வீட்டில் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், தகவலாகச் சொல்லுங்கள் போதும்.

படம் பார்க்காத நேரத்திலும் அழுகை முட்டிக்கொண்டு வந்தால், தூக்கமும் பசியும் கெட்டால், இந்தப் படங்களேகூடப் பிடிக்காமல் போனால், அதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அப்போது விஷயம் வேறு. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள். அவ்வளவு தூரம் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.