டெல்காடோவின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், தம்பி

டொராண்டோவில் ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, பண்டகசாலையில் வேலை, மதிய இடைவேளையில் மற்றவர்கள் பேஸ்பாலின் பெரிய வீரர்களுக்கான புகழ் மண்டபமான 'ஹால் ஆஃப் ஃபேம்' பற்றி மேசையைத் தட்டித் தட்டிப் பேசுகிறார்கள், நான் சோற்றுப் பெட்டியோடு ஓரமாக இருக்கிறேன், இதையும் படிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். படியுங்கள், தம்பி. ஊரில் வடக்கின் பெருஞ்சமர் என்ற யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத் துடுப்பாட்டப் போட்டி முடிந்து இருபது வருடம் கழித்தும் எந்தத் துடுப்பாட்டக்காரன் பெரியவன் என்று தேநீர்க் கடையில் வாதாடுவார்களே, இதுவும் அதுதான். மனிதர்கள் எதை நியாயம் என்று நினைக்கிறார்கள் என்பது அந்த வாதத்தில் தெரியும். அங்கே நீங்கள் சொல்லிப் பார்க்க வேண்டிய பெயர் கார்லோஸ் டெல்காடோ. இந்த நகரத்து அணியில் ஆடியவர், மண்டபத்தில் இன்னும் இடம் கிடைக்காதவர்.

நான் வந்தது 1993 வசந்தத்தில். அந்த ஒக்டோபர் 23ஆம் திகதி இரவு தெரு முழுவதும் கூச்சலும் கார் ஹார்ன்களும் எழுந்தபோது, ஊர்ப் பழக்கத்தில் முதலில் விளக்கைத்தான் அணைத்தேன். ஜோ கார்ட்டர் அடித்த ஹோம் ரன்னில் (துடுப்பாட்டத்தில் ஆறு அடிப்பதுபோல, பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) டொராண்டோவின் ப்ளூ ஜேஸ் அணி இரண்டாவது முறையாக பேஸ்பாலின் ஆண்டு இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றிருந்தது என்று மறுநாள் தொழிற்சாலையில் சொன்னார்கள். என்னோடு வேலை செய்த போர்த்துக்கீசர் ஒருவர் ஒரு மட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் நான்கு பேஸ்களையும் வரைந்து ஆட்டத்தைச் சொல்லித் தந்தார். அன்றிலிருந்து நான் அந்த மேசையில்தான் சாப்பிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நியூயோர்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சின்ன ஊரில் இருக்கிறது அந்தப் புகழ் மண்டபம். 1936இல் டை காப், பேப் ரூத் உட்பட ஐந்து பேரை முதலில் தேர்ந்தெடுத்தார்கள். குறைந்தது பத்து ஆண்டு சங்க உறுப்பினராக இருந்த பேஸ்பால் எழுத்தாளர்கள்தான் வாக்களிப்பவர்கள். ஒருவர் ஒரு சீட்டில் பத்துப் பெயர் வரை எழுதலாம். 75 சதவீதம் கிடைத்தால் மண்டபத்தில் இடம். கிடைக்காதவர் மொத்தம் பத்து ஆண்டு வரை வாக்குச்சீட்டில் இருக்கலாம். ஆனால் ஏதாவது ஓர் ஆண்டில் 5 சதவீதத்துக்குக் கீழே போனால் அன்றே பெயர் வெட்டப்பட்டுவிடும். இந்த ஐந்து சதவீதத்தை மனதில் வைத்திருங்கள்.

உங்கள் மேசையில் அதிகம் அடிபடும் பெயர்கள் பாரி பாண்ட்ஸ், ரோஜர் கிளெமென்ஸ் ஆகத்தான் இருக்கும். பாண்ட்ஸ் அடித்த ஹோம் ரன்கள் 762. வட அமெரிக்காவின் பெரிய லீக்கில் அவருக்கு மேல் எவரும் இல்லை. கிளெமென்ஸ் பந்து வீசி வென்ற ஆட்டங்கள் 354. இருவர் மீதும் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு உண்டு. பத்தாவது, கடைசி ஆண்டான 2022இல் பாண்ட்ஸுக்கு 66 சதவீதமும் கிளெமென்ஸுக்கு 65.2 சதவீதமும்தான் கிடைத்தன. நேர்மை, விளையாட்டுப் பண்பு, குணநலன் ஆகியவற்றையும் எடைபோட வேண்டும் என்று வாக்களிப்பு விதியிலேயே இருக்கிறது. மறுத்தவர்கள் அதைக் காட்டித்தான் மறுத்தார்கள். நான் அவர்கள் பக்கம். ஆனால் அந்த விதியைக் கதவை அடைப்பதற்கு மட்டும் பயன்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. குணத்துக்காக ஒருவரை வெளியே நிறுத்தலாம் என்றால், குணத்துக்காக ஒருவரை உள்ளே அழைக்கவும் வேண்டும்.

கார்லோஸ் டெல்காடோவைப் பற்றித்தான் சொல்கிறேன். புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். 2004 வரை இந்த நகரத்தில் ஆடினார். ப்ளூ ஜேஸுக்காக மட்டும் 336 ஹோம் ரன்கள். அது இந்த அணியின் சாதனை. மொத்தம் 473, அவருடைய தீவில் பிறந்த எவரும் அவ்வளவு அடித்ததில்லை. 2003 செப்டம்பர் 25 அன்று டாம்பா பே அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன்கள் அடித்தார். இரவு வேலைக்கு வண்டி ஓட்டிப் போகும்போது வானொலியில் கேட்டேன். நான்காவதைக் கேட்டு முடிக்கும் வரை வண்டியைவிட்டு இறங்கவில்லை.

அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருதில் டெல்காடோ இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தவர் அலெக்ஸ் ரொட்ரிகஸ். 2001 முதல் 2003 வரை தடைசெய்யப்பட்ட மருந்தைப் பயன்படுத்தியதாக 2009இல் அவரே ஒப்புக்கொண்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

2004இல் ஈராக் போரை எதிர்த்தும், புவேர்ட்டோ ரிக்கோவின் வியெக்கஸ் தீவை அமெரிக்கக் கடற்படை பல ஆண்டுகளாகக் குண்டுப் பயிற்சிக் களமாக வைத்திருந்ததை எதிர்த்தும், அமெரிக்க மைதானங்களில் ஆட்டத்துக்கு நடுவே தேசபக்திப் பாடல் ஒலித்தபோது அவர் எழுந்து நிற்கவில்லை. ரசிகர்கள் கூவி இகழ்ந்தார்கள். குண்டு விழுந்த மண்ணிலிருந்து வந்த எனக்கு அவர் அன்று வெறும் ஆட்டக்காரராகத் தெரியவில்லை. 2006இல் பொதுத்தொண்டுக்கான ரொபேர்ட்டோ கிளெமென்டே விருது அவருக்குக் கிடைத்தது. கிளெமென்டேயும் அதே தீவுக்காரர். நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து 1972இன் கடைசி நாளில் இறந்தவர். ஓய்வுபெற்று ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி 1973இலேயே அவரை மண்டபத்தில் சேர்த்தார்கள். குணத்துக்கு மதிப்பளிக்க அவர்களுக்குத் தெரியும், பாருங்கள்.

டெல்காடோவுக்கு என்ன நடந்தது? 2015இல் முதல் முறையாக வாக்குச்சீட்டில் வந்தார். பெட்ரோ மார்ட்டினெஸ், ராண்டி ஜான்சன் உட்பட நால்வர் தேர்வான ஆண்டு அது. பாண்ட்ஸும் கிளெமென்ஸும்கூட அந்தச் சீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பத்துப் பெயருக்குள் இவருக்கு இடம் வைத்தவர்கள் 21 பேர்தான். 3.8 சதவீதம். ஒரே ஆண்டில் முடிந்துவிட்டது.

விடுபட்டவர்களை மறுபடி பார்க்கும் 16 பேர் குழு ஒன்று உண்டு. அதில் 12 வாக்கு வேண்டும். அந்த வழியில்தான் முன்னாள் ப்ளூ ஜேஸ் வீரர் ஃப்ரெட் மெக்ரிஃப் 2022 டிசம்பரில் 16 வாக்குகளையும் பெற்றார். எழுத்தாளர்களிடம் அவர் 40 சதவீதத்தைக்கூட எட்டியதில்லை. 2025 டிசம்பரில் டெல்காடோவுக்கு 9 வாக்குகள் கிடைத்தன. 14 வாக்குகளோடு ஜெஃப் கென்ட் என்ற வீரர் மண்டபத்துக்குள் போனார். கென்ட் நல்ல ஆட்டக்காரர், மறுக்கவில்லை. டெல்காடோவுக்குப் போதாமல் போனது மூன்றே வாக்கு. அடுத்து 2028 டிசம்பரில்தான் அந்தக் குழு இந்தக் காலத்து வீரர்களைப் பார்க்கும்.

அவர் பக்கம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் பேஸைக் காத்து நின்றவர். தடுப்பாட்டத்தில் பெரிய பெயர் இல்லை. இடுப்பு எலும்புக் கோளாறு 2009இல் அவருடைய ஆட்டத்தை நிறுத்தியது, 500 ஹோம் ரன்களை எட்ட விடவில்லை. எதிர்த்துப் பேசுபவர்கள் இதைத்தான் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

நாளை சோற்றுப் பெட்டியை அந்த மேசைக்கே கொண்டுபோங்கள். எல்லாம் தெரிந்ததுபோலப் பேச வேண்டாம். "பத்துப் பெயர்தான் எழுதலாம் என்றால் நீங்கள் டெல்காடோவை எழுதுவீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். வயதில் மூத்தவர் யாராவது இருந்தால் அவரிடம் முதலில் கேளுங்கள். அந்த நான்கு ஹோம் ரன்களைப் பார்த்தவராக இருக்கக்கூடும். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.