சமீபத்தில் படித்தவை: அம்மாவுக்குப் படம் சொன்ன ஆறேழு மாதம்

"சமீபத்தில் நீங்கள் படித்த புத்தகங்கள், காமிக்ஸ் என்னென்ன? எது பிடித்தது?" என்பது கேள்வி.

இந்த ஆறேழு மாதத்தில் நான் படித்ததில் பாதிக்கு மேல் வாய்விட்டுப் படித்தது. கேட்டவர் ஒரே ஒருவர், என் அம்மா. அதனால் பட்டியல் போடாமல் நடந்ததையே சொல்லிவிடுகிறேன். பட்டியல் வேண்டியவர்கள் நடுவில் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 71 வயது. இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கண்ணுக்குச் சித்திரையிலும் இன்னொன்றுக்கு ஆடி கழித்தும் அறுவை சிகிச்சை நடந்தது. சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, குனிந்து எதையும் தூக்கக்கூடாது. டிவி பார்க்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். அம்மா ஒப்பவில்லை. "கண்ணைக் கிழிச்சு வச்சிருக்கு, இதுல சீரியல் ஒரு கேடா" என்று தனக்குத் தானே தடை போட்டுக்கொண்டாள். சாயங்காலம் ஏழு மணிக்கு நான் வேலை முடிந்து வரும்போது இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அந்த வாரம் சிவகாசியிலிருந்து சந்தாவுக்குரிய காமிக்ஸ் கூரியரில் வந்திருந்தது. மேலே கிடந்தது லக்கி லூக், சிரிப்பு கௌபாய் கதை. சரி, இதையே வாசிப்போம் என்று ஆரம்பித்தேன். மகா தோல்வி. லக்கி லூக்கில் வசனம் பாதிதான், மீதிச் சிரிப்பு படத்தில் இருக்கிறது. தன் நிழலைவிட வேகமாகச் சுடுகிறவன் என்பது அவனுடைய அடையாளம். அந்தப் பின்னட்டைப் படத்தை விளக்கினேன்: "அவன் நிழல் துப்பாக்கியை உருவறதுக்குள்ள இவன் நிழலைச் சுட்டுடறாம்மா." அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "நிழலை எதுக்குப்பா சுடணும்?"

என்னிடம் பதில் இல்லை. பெல்ஜியத்துக்காரர் மோரிஸ் 1946ல் தொடங்கிய தொடர், 1950களில் கோஸினி கதை எழுத வந்த பிறகுதான் அதன் நக்கல் உச்சத்துக்குப் போனது என்றெல்லாம் எனக்குத் தெரியும். அதெல்லாம் அந்த இடத்தில் எதற்கு உதவும்? வாயில் என்ன வைத்திருக்கிறான் என்று கேட்டாள். புல் என்றேன். முன்பு சிகரெட் வைத்திருந்தான், 1983ல் அதை எடுத்துவிட்டுப் புல்லைச் செருகிவிட்டார்கள் என்றதும், "உங்கப்பாவுக்கும் யாராச்சும் அப்படிச் செருகியிருக்கலாம்" என்றாள். லக்கி லூக்கில் அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த சிரிப்பு அது ஒன்றுதான்.

அடுத்து டெக்ஸ் வில்லர், இதுவும் கௌபாய் கதைதான், ஆனால் சிரிப்பு இல்லை. இது பிடித்துக்கொண்டது.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. டெக்ஸ் 1948ல் இத்தாலியில் பிறந்த தொடர். கதை ஜியான்லூயிஜி பொனெல்லி, ஓவியம் கலெப்பினி. பக்கத்துக்கு மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு படம். பெரும்பாலும் இந்த வார்ப்பு மாறாது. கண்ணுக்கு இது சலிக்கலாம், ஆனால் வாயால் சொல்கிறவனுக்கு வரம். "மேல, இடது பக்கம்: மலை, ரெண்டு குதிரை வருது. பக்கத்துல: பாறைக்குப் பின்னாடி ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான்." இப்படியே போகலாம். இரண்டே நாளில் அம்மா, "பாறைக்குப் பின்னாடி இருக்கறவன் கையில துப்பாக்கி இருக்கா, பாரு" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். இருந்தது. நான் கவனிக்கவில்லை.

இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் காமிக்ஸ் படிக்கிறவன் நான். ஆனால் இத்தனை காலமும் படித்தது வசன பலூனுக்குள் இருக்கும் எழுத்தைத்தான். படத்தின் மேல் கண் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது, அவ்வளவே. ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்று வந்த பிறகுதான் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எவன் தொப்பியைக் கழற்றியிருக்கிறான், எந்த ஜன்னல் திறந்திருக்கிறது என்றெல்லாம் பார்க்கிறேன். 24 பக்கம் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. தனியாக இருந்தால் பத்து நிமிடத்தில் புரட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

டெக்ஸும் அவன் தோழன் கார்சனும் எந்த ஊருக்குப் போனாலும் ஓட்டலில் உட்கார்ந்து கேட்பது ஒன்றுதான்: தடியான வறுத்த கறி, கூடவே மலை மாதிரி உருளைக்கிழங்கு வறுவல். மூன்றாவது தடவை இது வந்தபோது அம்மா, "இவனுகளுக்கு ஒரு ரசம் வச்சுக் கொடுக்க ஆள் இல்லையா" என்று கேட்டாள். அப்போதுதான் டெக்ஸின் மனைவி கதையைச் சொன்னேன். அவள் நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடிப் பெண், பெயர் லிலித். பெரியம்மைக் கிருமி ஒட்டிய கம்பளிகளைச் சிலர் வியாபாரத்துக்காக அந்த இனத்தாரிடம் தள்ளிவிட்டதில் அவள் செத்துப்போனாள். டெக்ஸ் மறுபடி கல்யாணமே செய்துகொள்ளவில்லை, மகனைத் தோழர்களோடு சேர்ந்து வளர்த்தான். அம்மா அதற்குப் பிறகு அவனை "அவன்" என்று சொல்லவில்லை. "அவரு அந்தக் கொள்ளக்காரனப் புடிச்சாரா?" என்று மரியாதையோடு விசாரிக்க ஆரம்பித்தாள். தமிழில் அவருக்கு இரவுக்கழுகு என்று ஒரு பட்டப்பெயர் உண்டு என்றேன். "கழுகுக்கு ராத்திரி கண்ணு தெரியாதுல்ல?" என்றாள். கண் ஆபரேஷன் ஆனவளிடம் என்ன சொல்வது?

இடையில் பழைய இரும்புக்கை மாயாவி மறுபதிப்பு ஒன்றையும் எடுத்தேன். 1972ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே இவர்தான். பிரிட்டனில் 'வேலியண்ட்' வார இதழில் 1962ல் வர ஆரம்பித்தது. வாரத்துக்குச் சில பக்கம் என்று வந்ததால், சில பக்கத்துக்கு ஒருமுறை யாராவது மலை உச்சியில் தொங்கியே ஆக வேண்டும். ஒரே மூச்சில் படிக்கும்போது மூச்சு வாங்குகிறது. சின்ன வயதில் எனக்கு இவர் நல்லவர். இப்போது படித்தால், ஆரம்பத்தில் ஆள் சரியான கிரிமினல்! மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக் கை மட்டும் மறையாது. அந்த வசதி வந்ததும் முதலில் செய்ததே திருட்டும் அட்டூழியமும்தான். உளவாளி ஆவதெல்லாம் பிறகு.

ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம், விளக்கு வெளிச்சத்தில் போட்டோ எடுத்த மாதிரி இருக்கும். ஆனால் சொல்வதற்கு? "அம்மா, ரூம்ல யாரும் இல்ல. ஒரு கை மட்டும் இருக்கு." அடுத்த படம்: "இப்பவும் கை மட்டும்தான்." அடுத்தது: "கை கதவைத் திறக்குது." அம்மா தூங்கிவிட்டாள். நான் ஹாஸ்டலுக்குப் போனதும் என் மாயாவிக் கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டவளும் இவள்தான் என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

(சின்னக் குறிப்பு: ராணி காமிக்ஸ் படித்தவர்களுக்கு மாயாவி என்றால் முகமூடி போட்டுக் குதிரையில் வருகிறவர். அவர் லீ ஃபாக்கின் ஃபேண்டம். இரண்டு மாயாவிகளால் எங்கள் வகுப்பில் ஒரு சண்டையே நடந்திருக்கிறது.)

இப்போது கனமான விஷயம். 'பேர்ஃபுட் ஜென்' என்ற ஜப்பானிய மாங்காவின் (அந்த ஊர்ப் படக்கதை) முதல் இரண்டு பாகங்களை நண்பர் ஒருவர் கொடுத்திருந்தார், ஆங்கிலத்தில். மொத்தம் பத்துப் பாகம். எழுதி வரைந்தவர் கெய்ஜி நாகஸாவா. 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15க்கு ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அவருக்கு ஆறு வயது. பள்ளிக்கூட வாசலில், ஒரு சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்ததால் பிழைத்தார். கதையில் ஜென் என்ற பையனாக வருவது ஏறக்குறைய அவரேதான்.

முதல் பாகத்தின் பெரும்பகுதி குண்டுக்கு முந்தைய பசி. அப்பா போருக்கு எதிரானவர், அதனால் ஊரே அந்தக் குடும்பத்தைத் துரோகி என்கிறது. பிள்ளைகளிடம் அவர் கோதுமைப் பயிரைக் காட்டிச் சொல்வார்: மிதிபட மிதிபட வேர் பிடித்து நிமிரும், அது மாதிரி இருங்கள் என்று. மொழிபெயர்த்து மொழிபெயர்த்து அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். ரேஷன், சோற்றுக்கு ஏங்கும் பிள்ளைகள் இதெல்லாம் அம்மாவுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அறுபதுகளின் அரிசித் தட்டுப்பாட்டைப் பார்த்தவள்.

கடைசிப் பக்கங்களில் குண்டு விழுகிறது. வீடு சரிந்து அப்பா, அக்கா, தம்பி மூவரும் உத்தரத்துக்கு அடியில் மாட்டிக்கொள்கிறார்கள். நிறைமாதக் கர்ப்பிணி அம்மாவும் ஜென்னும் வெளியே. இழுத்துப் பார்க்கிறார்கள், அசையவில்லை. தீ நெருங்குகிறது. அந்தப் பக்கத்தில் எனக்கு வாய் வரவில்லை. "மேல, இடது பக்கம்" என்று தொடங்கிவிட்டு நிறுத்தினேன். "தலைவலிக்குதும்மா, நாளைக்குச் சொல்றேன்" என்று மூடி வைத்துவிட்டேன்.

அன்றிரவு தனியாக மிச்சத்தைப் படித்தேன். நாகஸாவா பற்றியும் தேடிப் படித்தேன். நிஜத்தில் வீடு எரிந்தபோது அவர் அங்கே இல்லை. அவருடைய அம்மா பிற்பாடு சொல்லக் கேட்டதுதான். வரையும்போது ஜென்னை அந்த இடத்தில் நிறுத்தி, தன் கையாலும் உத்தரத்தை இழுக்க வைத்திருக்கிறார். 1966ல் அந்த அம்மா இறந்து தகனம் செய்தபோது சாம்பலில் எலும்பே மிஞ்சவில்லையாம். கதிர்வீச்சு எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை என்ற ஆத்திரத்தில்தான், அதுவரை ஒதுக்கி வைத்திருந்த குண்டு விஷயத்தை வரைய உட்கார்ந்திருக்கிறார். ஜென் 1973ல் தொடராக வர ஆரம்பித்தது.

மறுநாள் அம்மா மறக்காமல் கேட்டாள். படம் சொல்லவில்லை, நடந்ததை மட்டும் நாலு வரியில் சொன்னேன்.

"அந்தம்மாவுக்குப் பிள்ள பொறந்துச்சா?"

"பொறந்துச்சு. அன்னைக்கே, நடுத்தெருவுல. பொம்பளப் பிள்ள."

கொஞ்ச நேரம் கழித்து, "பால் இருந்துச்சாமா?" என்று கேட்டாள்.

இரண்டாம் பாகம் தொடங்குவதே அந்தக் கவலையில்தான். சாப்பிட எதுவும் இல்லாமல் தாய்க்குப் பால் சுரக்காது என்று ஜென் அரிசி தேடிக்கொண்டு பிணங்களுக்கு நடுவே நடக்கிறான். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஏதோ கிடைத்தது என்று சொல்லிவைத்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் படக்கதையே வேண்டாம் என்று இருந்தது. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தை எடுத்தேன். பலருக்கும் இது அலமாரியில் நிற்கும் புத்தகம். எனக்கும் அப்படித்தான், இரண்டு முறை தொடங்கி விட்டிருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் வேறு புத்தகம் ஆகிவிடுகிறது. 1940ல் ஆனந்த விகடனில் வாராவாரம் வரத் தொடங்கியது, அதனால் ஓர் அத்தியாயம் ஓர் இரவுக்குச் சரியாக இருக்கும். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற தொனி. அம்மா 'உம்' கொட்டிக்கொண்டே கேட்டாள். டெக்ஸுக்குக்கூட அவள் 'உம்' கொட்டவில்லை.

ஐயருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மேல் அம்மாவுக்கு அலாதிப் பிரியம் வந்துவிட்டது. அவ்வளவு பெரிய புலவர் வீட்டில் கடனும் பணத் திண்டாட்டமும். அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் கோபம். மாணவனுக்கு வேங்கடராமன் என்று வைத்த பெயர் வேண்டாம், சாமிநாதன் என்றே இருக்கட்டும் என்று அவர் முடிவு செய்த இடத்தில், "பெத்தவங்க வச்ச பேரை இவரு யாரு மாத்தறதுக்கு?" என்றாள். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பையன் சங்கீதம் கற்றுக்கொள்வது தெரிந்து பிள்ளை தடுத்த இடத்திலும் அதே கோபம். "பாட்டும் படிச்சா தமிழ் கொறைஞ்சா போகும்?" நானும் அம்மா கட்சிதான். 1880ல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், உலா என்று அடுக்க, அவர் எதற்கும் அசராமல் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிற அத்தியாயத்தை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னாள். "நல்லா வேணும்" என்றும் சொன்னாள். எதற்கென்று விளக்கவில்லை.

தனியாகப் படித்தது என்றால், பஸ்ஸில் போக வர ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர்க் காலத்து மெடான் (இந்தோனேசியா), பினாங்கு (மலேயா), அங்கே வட்டிக்கடைத் தமிழர்கள், நடுவில் பாண்டியன் என்று ஒருவன். போதையில் அவனுக்கு மதுரைத் தெருக்கள் ஞாபகம் வரும் பக்கங்களை அதே மதுரையின் நெரிசலில் நின்றுகொண்டு படித்தேன். தமிழ்ப் பெருமையைப் போட்டுத் தாக்கும் அத்தியாயத்தில் சத்தமாகச் சிரித்து கண்டக்டரின் முறைப்பையும் வாங்கினேன். இதுவும் 1972ல் வந்த புத்தகம்தான். மாயாவியும் பாண்டியனும் ஒரே வருடத்துப் பிள்ளைகள்! ஒரு சுயமுன்னேற்றப் புத்தகமும் வாங்கினேன், இருபது பக்கத்தோடு சரி.

எது பிடித்தது என்று கேட்டிருந்தீர்கள். ஜென். ஆனால் மூன்றாம் பாகத்தை இன்னும் கேட்டு வாங்கவில்லை.

போன மாதம் அம்மாவுக்குப் படிக்கிற கண்ணாடி வந்துவிட்டது. டெக்ஸை இப்போது அவளே எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அஞ்சாம் வகுப்புப் படிப்புதான், ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. படம் பார்ப்பதில் என்னைவிடக் கெட்டி. நேற்று அடுப்படிக்கு வந்து, "இந்தாளு போன பக்கத்துல இடது கையில கட்டுப் போட்டிருந்தான், இதுல வலது கையில இருக்கு" என்று காட்டினாள். எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

என் சரித்திரத்தை மட்டும் நான்தான் வாசிக்க வேண்டுமாம். தினமும் ஒன்று என்பது போய் வாரத்துக்கு இரண்டு, மூன்று என்று ஆகிவிட்டது. சிந்தாமணி அச்சாகி, பத்துப்பாட்டு வேலை நடந்துகொண்டிருக்கிறது. மொத்தம் 122 அத்தியாயம், 1942ல் ஐயர் காலமானதால் பாதியில் நின்றுபோனது. அதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பேத்தி கல்யாணத்துக்குள் அவர் கதை முடிந்துவிடுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.