முன்பக்க ஸ்பிரிங் ஒடிஞ்சா: பட்டறையிலிருந்து கேள்வி பதில்

பெருந்துறைப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய கார்களின் முன் ஸ்பிரிங் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

மேட்டுப்பாளையம்: அண்ணா, பழைய மாருதி 800. கோத்தகிரி போய் வந்ததிலிருந்து ஸ்டியரிங்கை முழுசா திருப்பினா 'டங்'குனு சத்தம். இடது முன்பக்கம் தாழ்ந்திருக்கு. ஷாக் போயிடுச்சுங்களா?

ஷாக் என்பது துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர். அது போனால் வண்டி துள்ளும் தம்பி, இப்படி ஒரு பக்கமாகச் சாயாது. சக்கரத்தைத் திருப்பி வைத்து, டார்ச் அடித்து ஸ்பிரிங்கின் அடிச்சுற்றைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஒடியும். ஸ்பிரிங் உட்காரும் தட்டில் சேறும் தண்ணீரும் தங்கும். பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு அரித்து, சின்ன விரிசல் விழுந்து, ஒரு குழியில் இறங்கும்போது முறிந்துவிடும். ஒடிந்த நுனி டயரைக் கிழிக்கலாம். ஓட்டி வராதீர்கள், தூக்கி வரச் சொல்லுங்கள்.

திருப்பூர்: ஒடிஞ்சது ஒண்ணுதானுங்க. அதை மட்டும் மாத்தினா போதாதா?

போதாது. பழையது பல வருடப் பாரத்தில் தளர்ந்திருக்கும், புதியது நிமிர்ந்து நிற்கும். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது பாரமெல்லாம் முன்பக்கம் வரும். அங்கே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிற்க வேண்டாமா? ஜோடியாகவே மாற்றுங்கள்.

கோபி: அண்ணா, நானே வீட்ல மாத்திப் பழகணும்னு ஆசை. எதுல கவனமா இருக்கணும்?

ஆசை நல்லது அம்மணி. ஒரே ஒரு நட்டை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள்: ஸ்டிரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) உச்சியில் நடுவில் இருப்பது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்திருப்பதே அதுதான். உள்ளே சில நூறு கிலோ பாரத்துக்கான விசை அடைபட்டிருக்கிறது. நான் தொழில் பழகிய இடத்தில் கயிறு கட்டி அழுத்திய ஸ்பிரிங் நழுவி, கூரை ஓட்டை உடைத்தது. அன்று யார் தலையும் அங்கே இல்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போடுங்கள். பிரேக் ஓஸை ஸ்டிரட்டில் பிடித்திருக்கும் இடத்திலிருந்து மட்டும் விடுவித்து ஓரமாக விடுங்கள், இழுத்துத் தொங்கக் கூடாது. ஸ்டிரட்டின் அடியை நக்கிளோடு (சக்கரம் மாட்டியிருக்கும் பாகம்) சேர்க்கும் போல்ட் இருக்கும் இடத்தில் கோடு கீறிவைத்துவிட்டு அதைக் கழற்றுங்கள். மேலே நடு நட்டைத் தொடாமல், சுற்றியுள்ள நட்டுகளை மட்டும் எடுத்து ஸ்டிரட்டை முழுசாக வெளியே கொண்டுவாருங்கள். அப்புறம் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இரண்டை எதிரெதிரே மாட்டி, மாற்றி மாற்றிக் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்பிரிங் தட்டில் ஆடுகிற அளவு தளர்ந்த பிறகுதான் நடு நட்டைக் கழற்ற வேண்டும். பூட்டும்போது ஸ்பிரிங்கின் நுனி தட்டில் உள்ள படியில் சரியாக உட்கார வேண்டும். ஸ்டிரட்டின் உச்சியை வண்டியோடு பிடிக்கும் மேல் மவுண்டின் ரப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், திரும்பக் கழற்றும் வேலை மிச்சம்.

முதல் தடவை தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கட்டும்.

நாமக்கல்: வெல்டிங் வெச்சுக்கலாம்னு சொல்றாங்களே?

வேண்டாம். சூட்டில் எஃகின் பதம் போய்விடும், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி ஒடியும். உங்கள் ஊர் லாரிகளில் ஸ்பிரிங் பட்டை ஒடிந்தால் வேறு பட்டைதானே போடுகிறார்கள்?

காங்கேயம்: அப்பாவோட அம்பாசிடரும் பத்மினியும் இருக்குங்க. அதுக்கும் இதே முறைதானா?

பழைய அம்பாசிடரின் முன்பக்கம் காயில் (சுருள்) ஸ்பிரிங்கே கிடையாது, முறுக்கித் திரும்பிப் பாரம் தாங்கும் முறுக்குக் கம்பிதான். பத்மினியில் உண்டு, ஆனால் ஸ்டிரட் இல்லாமல், சக்கரத்தைத் தாங்கும் மேல், கீழ் ஆர்ம்கள் இருக்கும் அமைப்புக்குள் அழுத்தத்தோடு அடைத்துக்கொண்டிருக்கும். அதை வீட்டில் தொடாதீர்கள். அந்த வண்டியில் கை பழகிய பெரியவர் யாராவது உங்கள் பக்கம் இருப்பார், அவரிடம் விடுங்கள்.

ஈரோடு: மாத்தினதும் அலைன்மென்ட் பாக்கணுமா?

கட்டாயம். ஒரு வாரம் ஓட்டி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு போல்ட்டுகளின் இறுக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.