பழைய டீசல் வண்டியில் கரி: வீட்டில் எதுவரை கை வைக்கலாம்?

கேள்வி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் பிஎஸ்-3, பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிநிலைகள்) காலத்துச் சிறிய சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் சைலன்சர் பக்கம் கரியைப் பிடிக்கத் தனி வடிகட்டி உண்டு. அவற்றுக்கு வேறு முறைகள். இங்கே சொல்வது பழைய வண்டிகளுக்கு மட்டும்.

கேள்வி: அண்ணா, என்னுடையது டாடா 407 லாரி. மேடு ஏறும்போது கரும்புகை அடிக்கிறது, இழுவையும் குறைந்துவிட்டது. கரியைச் சுத்தம் செய்தால் சரியாகிவிடுமா?

தம்பி, முதலில் கரி ஏன் சேர்ந்தது என்று பாருங்கள். காரணம் அப்படியே இருக்க, கரியை மட்டும் எடுத்தால் சில மாதங்களில் பழைய நிலைதான். கரும்புகை என்றால் உள்ளே போகும் காற்றைவிட டீசல் அதிகம் என்று பொருள். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அதற்கு ரிங், வால்வு சீல், டர்போ ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள். அடுத்து, டர்போவிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்) வரும் ரப்பர் ஹோஸ். கிளாம்ப் அருகே ஆயில் ஈரம் தெரிந்தால் அங்கே காற்று கசிகிறது. பிறகு டேப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) இடைவெளி, நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனை), டீசல் பம்ப் டைமிங். இழுவைக்காகப் பம்பில் டீசலைக் கூட்டி வைக்கும் வழக்கம் நம் ஊரில் அதிகம். இரண்டு நாள் வண்டி துள்ளிக்கொண்டு ஓடும். பிறகு ஒவ்வொரு மேட்டிலும் கரி சேரும்.

யாரும் சரியாகப் பார்க்காத இன்னொன்று தெர்மோஸ்டாட் வால்வு. கோடையில் சூடேறுகிறது என்று அதைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். எஞ்சின் 80, 90 டிகிரிக்கு வராமல் குளிர்ந்தே ஓடினால் டீசல் முழுதாக எரியாது. எரியாதது கரியாகவும் ஆயிலில் கலந்த டீசலாகவும் தங்கும். சூடேறினால் ரேடியேட்டரைச் சுத்தம் செய்யுங்கள், வால்வைக் கழற்றாதீர்கள்.

கேள்வி: ஓடும் எஞ்சினில் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீரோ மண்ணெண்ணெயோ கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் கரி கழன்று வரும் என்கிறார்கள். உண்மையா?

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 750 சிசி. அமுக்க விகிதம் 17.5 என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 45 மில்லி, மூன்று மேசைக்கரண்டி. காற்று அமுங்கும், திரவம் அமுங்காது. அந்த அளவுக்கு மேல் தண்ணீர் உள்ளே போனால் கனெக்டிங் ராடு வளையும். அதோடு எஞ்சின் போயிற்று.

மண்ணெண்ணெயும் தீப்பற்றும் ஸ்பிரேக்களும் வேறு வகை ஆபத்து. டீசல் எஞ்சினுக்கு அவையே எரிபொருளாகிவிடும். சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஆனால் காற்று நுழையும் வாயைத் தடித்த பலகையால் அடைக்க வேண்டும்; வெறும் கையை வைக்கக் கூடாது. கழற்றி வெளியே எடுத்த பாகத்தைத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அப்படியானால் வீட்டிலேயே எதைக் கழற்றலாம்? பிஎஸ்-4 பிக்கப், இஜிஆர் வால்வு உள்ள வண்டி.

இஜிஆர் வால்வு (வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் வால்வு), அதன் குழாய், இன்டேக் மேனிஃபோல்டு. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் பொறுமையாகச் செய்தால் இந்த மூன்றையும் முடித்துவிடலாம், பலனும் கண்கூடாகத் தெரியும். கரி மோசமாகச் சேரும் இடமும் அதுதான். சைலன்சர் பக்கமிருந்து திரும்பி வரும் புகைக்கரியும், பிரீதர் குழாயில் (எஞ்சின் அடியிலுள்ள ஆவியை வெளியேற்றும் குழாய்) வரும் ஆயில் ஆவியும் சந்திக்கும் மூலையில் தார் போல ஒரு கறுப்புக் குழம்பு ஒட்டியிருக்கும். கட்டை விரல் தாராளமாக நுழைய வேண்டிய துளையில் சுண்டு விரல்கூட நுழையாத நிலையையும் பார்க்கலாம்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஹோஸும் எங்கே போகிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தில் இறுகிப்போன போல்ட்டுகளுக்கு முந்தின நாள் மாலையே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். அவசரப்பட்டுத் திருகி அலுமினியத்துக்குள் போல்ட் முறிந்தால், ஒரு நாள் வேலை ஒரு வாரமாகும். இஜிஆர் கூலருக்குத் தண்ணீர் ஹோஸ் போனால் முதலில் ரேடியேட்டர் நீரை வடித்துவிடுங்கள்.

மின்மோட்டார் உள்ள வால்வை எதிலும் ஊறப் போடாதீர்கள். மோட்டார் மேலேயும் வால்வு கீழேயும் இருக்கும்படி பிடித்து, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். திரவம் மோட்டார் பக்கம் இறங்கக் கூடாது. வால்வுத் தண்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பக் கூடாது.

மேனிஃபோல்டை முழுதாகக் கழற்றி வெளியே எடுங்கள். சிலிண்டர் ஹெட்டிலேயே (எஞ்சினின் மேல்மூடி) இருக்கும்போது சுரண்டினால் பெயர்ந்த கரி நேரே வால்வுக்குள் விழும். கழற்றியதும் ஹெட்டில் திறந்திருக்கும் துளைகளில் சுத்தமான துணியை அடையுங்கள். எத்தனை துணி என்று எண்ணி எழுதி வையுங்கள். சென்சார்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மேனிஃபோல்டை ஓர் இரவு டீசலில் ஊற விடுங்கள். காலையில் மரக்குச்சியால் சுரண்டி, டிகிரீசர் போட்டுத் தண்ணீரில் அலசி, மூலையில் ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் காய வையுங்கள். கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போடுங்கள். பழையதையே பேஸ்ட் தடவிப் போட்டு, பிறகு காற்று கசிகிறது என்று தேடுவது வீண் வேலை.

கேள்வி: காஸ்டிக் சோடாவில் போட்டால் பளபளப்பாகிவிடும் என்றார் ஒருவர்.

வார்ப்பிரும்புக்குச் சரி. அலுமினியத்தையோ அது அரித்துத் தின்றுவிடும்; தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வரும். மேனிஃபோல்டும் பிஸ்டனும் பெரும்பாலும் அலுமினியம். வேண்டாம்.

கேள்வி: ஐயா, கேஸ்கெட் போனதால் ஹெட்டை இறக்கியிருக்கிறோம். பிஸ்டன் தலையில் கரி கெட்டியாக இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

உப்புத்தாள் கூடவே கூடாது. உதிரும் மணல் ரிங்குக்கும் லைனருக்கும் இடையே புகுந்தால் புது ரிங்கும் தேய்ந்துபோகும். இப்படிச் செய்யுங்கள். பிஸ்டனை மேலே கொண்டுவாருங்கள். பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவே உள்ள இடுக்கைச் சுற்றிலும் கிரீஸ் தடவி அடையுங்கள். மற்ற சிலிண்டர்கள், ஆயில், தண்ணீர்த் துளைகள், புஷ் ராடு துளைகள் எல்லாவற்றையும் துணியால் மூடுங்கள். டீசல் தொட்டு, பித்தளைத் தகட்டாலோ மூங்கில் பட்டையாலோ சுரண்டுங்கள். பெயரும் கரி கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். முடித்ததும் பிஸ்டனைச் சற்றுக் கீழே இறக்கினால், லைனர் சுவரில் கறுத்த கிரீஸ் வளையமாக நிற்கும். அதைத் துணியால் வழித்து எடுங்கள்.

ஹெட்டை மீண்டும் ஏற்றும் வேலையை டார்க் ரெஞ்சும் கம்பெனி கொடுத்த வரிசையும் அளவும் உள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கேள்வி: நாசில் முனையையும் பிரஷ் போட்டுத் துடைத்துவிடலாம் அல்லவா?

கூடாது. தலைமுடி அளவுத் துளைகள் அவை. கம்பி பட்டால் தெளிப்பு கெடும், கெட்ட தெளிப்பே கரிக்கு அடுத்த காரணமாகும். பழைய நாசிலே 200 பார் அளவில் திறக்கிறது, புது வகை காமன் ரெயில் அமைப்பு 1000 பாரைத் தாண்டும். கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். போனால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பம்ப் நாசில் கடையில் சோதனை இயந்திரத்தில் வைத்துத் தெளிப்பைக் காட்டச் சொல்லுங்கள். திரும்ப மாட்டும்போது செம்பு வாஷர் புதிது.

கேள்வி: டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில், ஹைட்ரஜன் வாயு செலுத்திக் கரி எடுக்கும் இயந்திரம் இவற்றால் பயன் உண்டா?

நல்ல கிளீனர் நாசில் முனைக்கு ஓரளவு உதவும். டீசல் இன்டேக் மேனிஃபோல்டு வழியாகப் போவதே இல்லை. அங்குள்ள கரியை டேங்கில் ஊற்றும் எதுவும் தொடாது. ஹைட்ரஜன் வாயு அந்த வழியாகப் போனாலும், கரி எரிகிற சூடு அங்கே கிடையாது. அந்தப் பணத்துக்குக் கேஸ்கெட்டும் ஃபில்டரும் வாங்குங்கள்.

கேள்வி: இஜிஆரைத் தகடு வைத்து அடைத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததல்லவா?

கரி குறையும், உண்மைதான். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும். அந்தக் காற்றைச் சுவாசிப்பது நம் தெருப் பிள்ளைகள். வண்டியின் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைச் சிதைப்பது சட்டப்படியும் தவறு. நான் செய்ய மாட்டேன். எஃப்சிக்கு (வண்டியின் தகுதிச் சான்று) முன் புகை பற்றிக் கவலை என்றால் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்: உச்ச வரம்பு பிஎஸ்-4க்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65 எச்எஸ்யூ (புகை அடர்த்தியின் அளவு), பிஎஸ்-4க்கு 50. நாசிலும் ஃபில்டரும் சரியாக இருக்கும் வண்டி இதில் தேறும்.

கேள்வி: கணவருக்குப் பிறகு வண்டியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். லோடு ஏற்றும் நேரம் முழுவதும் டிரைவர் எஞ்சினை ஓட விடுகிறார். அதனால் கரி படியுமா?

படியும் அம்மா. ஐடிலிங்கில் சிலிண்டர் போதிய சூடாகாது, ரிங்கும் இறுக்கமாக உட்காராது. அணைக்கச் சொல்லுங்கள். நெடுந்தூரம் ஓடி வந்ததும் டர்போ ஆறுவதற்கு ஓரிரு நிமிடம் ஓட விட்டால் போதும். நகருக்குள்ளேயே சுற்றும் வண்டியாக இருந்தால், அவ்வப்போது லோடுடன் நீண்ட ஓட்டம் கிடைக்கும்படி சவாரி எடுங்கள். சிலிண்டருக்குள் படிந்த ஈரக்கரி அந்தச் சூட்டில் பெரிதும் எரிந்துவிடும். மேனிஃபோல்டில் இருப்பதைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள். சுரண்டிய கரியை என்ன செய்வது?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது. ஆகவே கரியை உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள். ஈரப்படுத்தி, கையுறையும் முகக்கவசமும் போட்டு வேலை செய்யுங்கள். கரித்துணியையும் கழிவு டீசலையும் மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்கும் உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள். சாக்கடையிலோ தென்னை அடியிலோ ஊற்றினால் கிணற்று நீர் கெடும். வேலைச் சட்டையைக் குழந்தைகள் துணியோடு சேர்க்காமல் தனியே துவைத்துக்கொள்ளுங்கள்.