கணக்குப் பணம் களவு போகாமல் காப்பது எப்படி? மதுரைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

வங்கிக் கிளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வியாபாரிகள் சங்கம், மகளிர் குழுக்கள் வழியாக வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர் பெயர் எதையும் போடவில்லை. பணத்தைப் பறிகொடுத்தவர் ஊர் வாயிலும் விழ வேண்டியதில்லை.

உசிலம்பட்டியில் இருந்து: சார், சொந்தக்காரர் நம்பரில் இருந்து வாட்ஸ்அப்பில் காதுகுத்துப் பத்திரிகை வந்துச்சு. தொட்டதும் என்னமோ இன்ஸ்டால் ஆச்சு, பத்திரிகையைக் காணோம். பணம் அப்படியேதான் இருக்கு. பயப்படணுமா?

பயப்படணும் அண்ணே. இதைப் படித்ததும் போனை ஃபிளைட் மோடில் போடுங்கள், வைஃபையையும் அணைத்துவிடுங்கள். வந்தது பத்திரிகை இல்லை, ஏ.பி.கே. ஃபைல். அதாவது ஒரு செயலி. எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்டிருக்கும், அவசரத்தில் நீங்களும் கொடுத்திருப்பீர்கள். இனி உங்களுக்கு வரும் ஓ.டி.பி. அந்தச் செயலியைப் பரப்பும் திருடனுக்கும் போகும், நீங்கள் வாயைத் திறந்து யாருக்கும் சொல்லவே வேண்டாம். பணம் இன்னும் இருக்கிறது என்றால் அவன் உங்கள் கணக்குக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் இன்னொருவர் போனில் இருந்து வங்கியைக் கூப்பிடுங்கள். ஏ.டி.எம். கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணைப் பாருங்கள், கூகுளில் தேடி எடுக்காதீர்கள். அங்கே போலி எண்களும் கிடக்கின்றன. நெட் பேங்கிங், யூ.பி.ஐ., கார்டு மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுவிட்டு, பழைய போனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். செயலியை நீக்கினால் போதும் என்று விட்டுவிட வேண்டாம், ஐகானே தெரியாமல் ஒளிந்துகொள்ளும் செயலிகள் உண்டு.

அந்தச் சொந்தக்காரரிடமும் சொல்லுங்கள். அநேகமாக அவர் போனும் இப்படித்தான் மாட்டியிருக்கும், அவருக்கே தெரியாமல் எல்லாருக்கும் போயிருக்கும். பத்திரிகை என்றால் படமாக, பி.டி.எஃப்.பாக, வீடியோவாக வரும். ஃபைல் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தால் தொடவே கூடாது. பி.எம். கிசான், டிராஃபிக் அபராதம், கே.ஒய்.சி. என்ற பெயர்களிலும் இதே சரக்குதான் சுற்றுகிறது.

மாட்டுத்தாவணி பூ வியாபாரி: விடியக்காலம் கூட்டத்துல ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிட்டு மல்லிகையைத் தூக்கிட்டுப் போயிடுறாங்க. பாத்தா பணம் ஏறல.

ஸ்கிரீன்ஷாட் ரசீது ஆகாது. பணம் வந்ததுபோலவே காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. சவுண்ட் பாக்ஸ் சத்தம் கேட்ட பிறகோ, உங்கள் செயலியில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகோ பூவைக் கொடுங்கள். இன்னொன்று, கடை திறந்ததும் உங்கள் க்யூ.ஆர். அட்டையை வேறு போனில் ஸ்கேன் செய்து உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். மேலே வேறொருவன் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தால் அன்றைய வியாபாரம் முழுக்க அவன் கணக்குக்குத்தான் போகும்.

"பணம் அனுப்புறேன், பின் நம்பர் போட்டு வாங்கிக்கோங்க" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். யூ.பி.ஐ. பின் நம்பர் பணம் கொடுக்கத்தான், வாங்குவதற்கு அது தேவையே இல்லை.

மேலூர்ப் பக்கம் ஒரு பேரன்: அப்பத்தாவிடம் போனே கிடையாது. ஆனால் பாஸ்புக்கில் அவர் எடுக்காத பணம் எடுத்ததாக இருக்கிறது.

அது கைரேகை வழியாகப் போயிருக்கும் தம்பி. ஆதார் எண்ணும் கட்டைவிரலும் இருந்தால் கணக்கில் பணம் எடுக்கிற வசதி கிராமங்களில் இருக்கிறது. வயதானவர்களுக்கு அது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் "ரேகை விழல பாட்டி, இன்னொருக்கா வைங்க" என்று இரண்டாம் முறை வைக்கச் சொல்லி இன்னொரு தொகையை எடுத்துவிடுகிற ஆட்களும் உண்டு. பத்திரங்களில் பதிந்த ரேகையை நகலெடுத்துத் திருடிய வழக்குகளும் நாட்டில் நடந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் ரசீது கேட்கச் சொல்லுங்கள்.

எம்-ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவைக்கலாம், அதற்கு ஆதாரில் ஒரு மொபைல் எண் பதிந்திருக்க வேண்டும். பூட்டினால் ரேஷன் கடையிலும் விரல் ஏற்காது. கடைக்குப் போகும்போது தற்காலிகமாகத் திறந்துவிடுங்கள். இந்த வேலையை அப்பத்தா தலையில் கட்டாமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளாங்குடி, ஓய்வு பெற்ற ஆசிரியை: மும்பை போலீஸ் என்று வீடியோ காலில் வந்து, என் பெயரில் போதைப்பொருள் பார்சல் என்கிறார்கள். யாரிடமும் பேசக்கூடாதாம்.

டீச்சரம்மா, 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று நம் சட்டத்திலேயே கிடையாது. எந்தப் போலீசும் நீதிபதியும் வீடியோ காலில் உட்கார வைத்து, சரிபார்க்கப் பணம் அனுப்பு என்று கேட்கமாட்டார்கள். அழைப்பைத் துண்டியுங்கள். அவன் எதைத் தடுக்கிறானோ அதையே முதலில் செய்யுங்கள்: பிள்ளைகளிடமோ பக்கத்து வீட்டிலோ சொல்லுங்கள். படித்தவர், பொறுப்பில் இருந்தவர், கௌரவத்துக்கு அஞ்சுபவர் என்று பார்த்துத்தான் வருகிறான். அசந்துபோனதில் உங்களுக்கு வெட்கம் எதுவும் வேண்டாம்.

திருப்பரங்குன்றம், ஒரு தாய்: கல்லூரி படிக்கிற மகன் கணக்கை நண்பன் வாடகைக்குக் கேட்கிறான். மாதம் கமிஷனாம்.

கூடவே கூடாதும்மா. அடுத்தவரிடம் திருடிய பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் போகும். கணக்கு முடங்கும், போலீஸ் முதலில் உங்கள் மகனைத்தான் தேடி வரும்.

அனுப்பானடி: போனில் திடீரென்று சிக்னலே இல்லை.

பக்கத்தில் அதே கம்பெனி சிம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அதில் வந்து உங்களுடையதில் மட்டும் இல்லையென்றால், உங்கள் எண்ணுக்கு வேறொருவன் சிம் வாங்கியிருக்கலாம். உடனே கம்பெனிக்கும் வங்கிக்கும் சொல்லுங்கள், காலையில் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

திருமங்கலம்: பணம் போய்விட்டது. வங்கியில், உங்கள் தவறு என்கிறார்கள். அவ்வளவுதானா?

இல்லை. முதல் வேலை, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணைக் கூப்பிடுவது. போன பணம் ஒரு கணக்கில் தங்காது, கை மாறிக்கொண்டே ஓடும். எங்கே நிற்கிறதோ அங்கேயே முடக்கத்தான் இந்த எண், அதனால் நிமிடங்கள் முக்கியம். 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதியலாம். நேரில் போக, மாநகருக்கு ஒன்று, திருமங்கலம் போன்ற மாவட்டப் பகுதிக்கு ஒன்று என்று சைபர் கிரைம் காவல் நிலையங்கள் இருக்கின்றன.

அடுத்தது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதி. உங்கள் தவறும் இல்லை, வங்கியின் தவறும் இல்லை என்றால், பணம் போன தகவல் வந்து 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொன்னால் நட்டம் உங்களுக்கு இல்லை. 4 முதல் 7 வேலை நாள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் பொறுப்பு. நீங்களே பின் நம்பரையோ ஓ.டி.பி.யையோ சொல்லியிருந்தால் நட்டம் உங்களுடையதுதான். ஆனால் அதுவும் வங்கிக்குச் சொல்லும் வரைதான், சொன்ன பிறகு போகிற பணத்துக்கு வங்கியே பொறுப்பு. அதனால் தப்பு நம்முடையது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள்.

வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், பதில் சரியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. எப்படி மனுக் கொடுப்பது என்று ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம்.